ஆடுகிறவர்கள் போகும்வரை

அப்பா தாழ்ப்பாள் போட்ட சத்தம் இப்போது ஏன் கேட்க வேண்டும். முதலில் மேல் தாழ்ப்பாள், துருப்பிடித்தது, இழுத்தால் கிறீச்சென்று கத்தும். பிறகு நடுவில் இருந்த மரக்கட்டை, சட்டத்தில் போய் விழுகிற மொத்தென்ற சத்தம். கடைசியில் கீழ்த் தாழ்ப்பாள், அதற்காகக் குனியும்போது அவரிடமிருந்து வருகிற முனகல். விளக்கு வைக்கிற நேரம்தான். நான் வெளியே சூளைத் தெருவில், உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வாய் எரிய, ஹோட்டலில் பாடியதற்குக் கொடுத்த பூங்கொத்தோடு நின்றிருந்தேன். 'அப்பா, நான் சுகிர்தம்' என்றேன், சூசி என்ற மேடைப் பெயரைச் சொல்லாமல். தெரிந்துதான் பூட்டுகிறார் என்பது மூன்றாவது தாழ்ப்பாளில்தான் எனக்குப் புரிந்தது. இந்த ஸ்டுடியோ அறையின் கதவோ சத்தமே போடவில்லை. பதிவு செய்கிற மிருணாளினி இரண்டு கையாலும் தள்ளினாள், அது பஞ்சுக்குள் விரல் இறங்குவதுபோல் சட்டத்துக்குள் இறங்கியது, உலகம் அறுந்துபோயிற்று. ஏசியின் இரைச்சல் இல்லை, வாசிக்க வந்த பெனடிக்டின் இருமல் இல்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் ஹெட்போன் வழியாக வந்தது, மிக அருகில், ஒரு பூச்சி உள்ளே நுழைந்ததுபோல். 'சூசி ஆன்ட்டி, சிவப்பு விளக்கு எரிஞ்சா அவ்வளவுதான். கதவைத் தொடாதீங்க, தும்மக்கூட வேண்டாம், உங்க மைக் திறந்தே இருக்கும்.' வளையலைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு போயிருந்தாள். கைக்கடிகாரத்தையும். வெறும் மணிக்கட்டைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் இருக்கிறது.

முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் நான்கு கிழவர்கள். சென்னையில் ஜாஸ் வாசித்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் பெரிய கைகளையெல்லாம் ஒரே இசைத்தட்டில் சேர்க்கிறேன் என்று ஒரு வருஷமாக அலைந்தவள் மிருணாளினி. எங்களைச் சேர்ப்பது உடைந்த பீங்கானை ஒட்டுவதுபோல்தான், ஆனால் சேர்த்துவிட்டாள். சொக்கலிங்கம் டிரம்ஸ், காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது, டிரம்ஸ் வாசிக்கும் பிரஷ்ஷை எடுத்ததும் நடுக்கம் எங்கோ போய்விடுகிறது. பெனடிக்ட் கோவாக்காரர், பெரிய பேஸ் வயலினைக் கட்டிப்பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், பஸ் தவறிப்போனவர் கம்பத்தில் சாய்ந்திருப்பதுபோல. ஆப்ரி சாக்ஸபோன். பியானோவில் டென்சில், இந்தக் குழுவின் தலைவர், நாற்பத்தெட்டு வருஷமாக என் கணவர். பாட்டும் அவர் போட்டதுதான். ஜாஸில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முதலில் எல்லோரும் பாட்டை ஒருமுறை சொல்லுவோம். அப்புறம் ஒவ்வொருவரும் அதே பாட்டைத் தன் போக்கில் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். யார் வாசிக்க வேண்டும் என்று தலைவர் தலையை அசைப்பார். எல்லோரும் முடித்ததும் தன் உச்சந்தலையைத் தட்டுவார், அதாவது பாட்டுக்குத் திரும்பு, பாடகி வா. கடைசியில் முஷ்டியைத் தூக்குவார், அத்துடன் முடிந்தது. முஷ்டி உயராமல் யாரும் நிறுத்தக் கூடாது. டென்சில் குழுவில் அது பைபிள் வசனம்.

சிவப்பு விளக்கு எரிகிறது, என் பங்கு பாடியாகிவிட்டது. மோசமில்லை. மேலே போகும் இடத்தில் குரல் கொஞ்சம் மணலாயிற்று, கிழவியின் குரலில் மணல் இருந்தால் என்ன, ஆற்றில் இல்லையா. இப்போது அவர் உச்சந்தலையைத் தட்டும்வரை நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தட்டுவார். காலையில்கூட ஒத்திகையில் தட்டினார். காலையில் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்தார் என்பது வேறு விஷயம். 'குளிருதா டென்?' என்று கேட்டுக்கொண்டே ஒன்றைக் கழற்றினேன், ஏதோ விளையாட்டுபோல. ஆட்டோவில் 'எந்த ஹோட்டல் சூசி?' என்றார். 'ஹோட்டல் இல்லை, ஸ்டுடியோ.' 'நல்ல பியானோவா?' 'நல்ல பியானோதான்.' சமாதானமாகிவிட்டார். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டரே சொன்னார், கைகள் கடைசியில்தான் மறக்கும் என்றார், ஆறுதல் சொல்கிறாரா பயமுறுத்துகிறாரா என்று தெரியவில்லை. யாருக்கும் சொல்லவில்லை நான். காது மந்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறேன். கணவனைப் பேசவே விடாத பெண்டாட்டி என்று மிருணாளினி நினைத்திருப்பாள், நினைக்கட்டும். இவளுக்குத் தெரிந்தால், கடல் தாண்டிப் பெர்த் நகரத்தில் இருக்கும் ஷெரிலுக்குத் தெரிந்துவிடும். போன மாதமே போனில் சொன்னாள் என் மகள், நல்ல பெண்தான், குரலில் கோபம்கூட இல்லை, 'மம்மி, டாடிக்கு அந்த மாதிரி ஆரம்பிச்சிருந்தா என்கிட்ட மறைக்காதீங்க. நான் வந்து ஒரு நல்ல ஹோம் பார்த்துடறேன். நீங்க தனியா தாங்க மாட்டீங்க.' ஹோம். வீடு என்று அர்த்தம் வரும் சொல்லை எதற்கு வைத்துவிட்டார்கள் பார். அங்கே பியானோ இருக்காது. சாயங்காலமானால் படுக்கைக்குப் பக்கத்தில் கம்பி வைப்பார்கள். என்னை யார் என்று கேட்கிற ஒரு நாள் வரும், அது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நாள் என் சமையலறையில் வரட்டும்.

பெனடிக்ட் வாசித்து முடித்தார். சொக்கலிங்கம் முடித்தார். ஆப்ரி தன் இரண்டு சுற்றையும் வாசித்தாயிற்று. இரண்டுதான் அவரால் முடியும். வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு இருக்கிற மனிதர். உள்ளே வருவதற்கு முன் நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நெஞ்சுக்குள் யாரோ சல்லடையை ஆட்டுவதுபோல் சத்தம். 'சூசி, உன் புருஷன்கிட்ட சொல்லிடு மேன், எனக்கு ரெண்டு சுத்துதான். மூணாவது வேணும்னா மேலோகத்துக்கு வந்து கேட்டுக்கட்டும்.' நான் சிரித்தேன். 'நீங்களே சொல்லுங்களேன்.' 'நான் சொன்னா கேப்பானா? அறுபது வருஷமா எனக்கு ஆர்டர் போட்டே பழக்கம் அவனுக்கு. என் கல்யாணத்துலயே எப்ப முத்தம் கொடுக்கணும்னு தலை ஆட்டினவன்.' சொன்னேன் டென்சிலிடம். இரண்டு சுற்று என்று காதில் சொல்லி, விரலைக் காட்டி, திரும்பவும் சொன்னேன். 'தெரியும் தெரியும்' என்றார். இப்போது அவருடைய தலை மறுபடியும் ஆப்ரி பக்கம் அசைகிறது. இல்லை, நான் தப்பாகப் பார்த்தேன். இல்லை. ஆப்ரி சாக்ஸபோனை மடியில் இறக்கி வைத்திருந்தார், வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார், கைக்குட்டை பாதி வழியில் நின்றது. தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து என்னைப் பார்க்க முடிந்ததோ என்னவோ. பிறகு எடுத்து வாயில் வைத்தார். மூன்றாவது சுற்று. அழகாக இருக்கிறது, கடவுளே, அதுதான் கொடுமை, குறுக்கிக் குறுக்கி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூச்சு வாங்கி இன்னொரு வார்த்தை சொல்லும் நோயாளிபோல் வாசிக்கிறார், ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு சின்னக் கிணறு இருக்கிறது, கேட்பவர்களுக்கு அது கலை. எனக்கு மட்டும் ஹெட்போனில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே அந்தச் சல்லடை கேட்கிறது.

இனித் தட்டுவார். சுற்று முடிகிறது, இதோ, கை எழும்புகிறது. கை எழும்பவில்லை. அவரே எழுந்திருக்கிறார். முழுதாக இல்லை, பியானோ ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, கைகள் வாசித்துக்கொண்டே இருக்க, கழுத்தை நீட்டி, பியானோவின் மேல் வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். அங்கே என்ன இருக்கிறது. தரையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளம், கம்பளத்தில் கறுப்பு ஒயர்கள், ஒரு காலி நாற்காலி. அதைப் பார்த்துத் திருப்தியாகப் புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்து, ஆப்ரிக்கு மறுபடியும் தலையை அசைக்கிறார். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். என் உடம்பு முழுதும் அதைத் தெரிந்துகொண்டது, புத்தி கடைசியில்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் வாசித்த ஹோட்டலில் ஞாயிறு மாலை நடனங்களில் மேனேஜர் வைத்திருந்த சட்டம் அது. ஆடுதளத்தில் ஒரே ஒரு ஜோடி இருந்தாலும் பாட்டை நிறுத்தக் கூடாது. டீக்கும் கேக்குக்கும் பணம் கொடுத்து வந்தவர்கள், பாதி ஆட்டத்தில் இசை நின்றால் அவமானம் என்பார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் டென்சில் இப்படித்தான் எழுந்து பார்ப்பார். ஆட்கள் இருந்தால் உட்கார்ந்து, சாக்ஸபோனுக்குத் தலையை அசைப்பார், ஆடுகிறவர்களுக்கு சாக்ஸபோன்தான் பிடிக்கும். ஒரு ஞாயிறு, அரக்கோணம் பக்கத்து ரயில் டிரைவர் ஒருவர் பெண்டாட்டியோடு வந்தார், உட்கார்ந்திருந்தவரைக்கும் சண்டை, பிறகு தளத்துக்கு வந்து சமாதானமாகி, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். வெயிட்டர்கள் மேஜைத் துணியை உருவ ஆரம்பித்துவிட்டார்கள். ஆப்ரி வாசிப்புக்கு நடுவே, சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து, 'டென்சில், இவங்க பிள்ளை பெத்து, அதுவும் வளந்து டான்ஸ் ஆடற வரைக்கும் வாசிக்கணுமா மேன்?' என்றார். 'வாசி' என்றார் டென்சில். அப்படிச் சிரித்தோம் அன்றைக்கு. இன்று அவர் பார்க்கிற தளம் நிறைந்திருக்கிறது. அந்தக் கம்பளத்தின் மேல் எத்தனை ஜோடிகள் ஆடுகிறார்களோ. அவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை, அதனால் யாரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை.

கதவைத் திறக்கலாம். கைப்பிடி இதோ, பெரியது, குளிர்சாதனப் பெட்டிக்கு இருப்பதுபோல். திறந்தால் பதிவு கெட்டுவிடும். கெடட்டும். கெட்டால் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொல்வாள், ஆப்ரியால் முடியாது, முடியாது என்று தெரிந்துதான் ஒரே பதிவு என்று வைத்திருக்கிறாள், அதனால் அவளும் நிறுத்த மாட்டாள். அவள் இருக்கும் அறையின் ஜன்னலைப் பார்க்கிறேன், அங்கே என் முகம்தான் தெரிகிறது, காதில் கறுப்புக் கிண்ணங்களைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு கிழவி. அதற்குப் பின்னால் மிருணாளினி கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக்கொண்டிருப்பாள், பெரியவர்கள் உற்சாகத்தில் நீட்டுகிறார்கள் என்று. திறந்து, போய், டென்சிலின் தோளைத் தொட்டு, போதும் என்று சொல்லலாம். சொன்னால் அவர், தளத்தில் ஆட்கள் இருக்கிறார்களே சூசி என்பார், எல்லோர் காதிலும் விழும்படி, மைக்குகள் எல்லாம் திறந்திருக்க. மிருணாளினிக்குத் தெரிந்துவிடும். அவள் எல்லாவற்றையும் ஊரே பார்க்கும்படி போனில் போடுகிறவள், அன்பாகத்தான் போடுவாள், கண்ணீர் விடுகிற முகப்பொம்மைகளோடு, பெர்த்தில் விடியும்போது ஷெரில் பார்ப்பாள். கம்பி வைத்த கட்டில். திறக்கக் கூடாது. ஆப்ரியின் உதட்டைச் சுற்றி நிறம் மாறிவிட்டது, நாவல் பழம் தின்ற பிள்ளைபோல். அவரே நிறுத்தலாமே, அவருக்கென்ன, நிறுத்திவிட்டு எழுந்து போகலாமே. போக மாட்டார். முஷ்டி உயராமல் நிறுத்தியவர் இல்லை. அந்த வீம்பு அவருக்குப் பென்ஷன் மாதிரி, வேறொன்றும் மிச்சமில்லை. அவர் நிறுத்த மாட்டார், டென்சில் முடிக்க மாட்டார், அவள் வெட்ட மாட்டாள், நான் திறக்க மாட்டேன். எப்படியெல்லாம் நல்லவர்களாக இருந்து ஒருவரை ஒருவர் கொல்கிறோம். சுவரில் ஒட்டியிருக்கிற சாம்பல் பஞ்சு முக்கோண முக்கோணமாக, சுறாப் பற்கள்போல, என் மூச்சை எல்லாம் குடிக்கிறது. இங்கே நான் கத்தினால்கூட சத்தம் ஓர் அடி போகாது. மைக்கில் கத்தினால் எல்லோர் காதுக்குள்ளும் போகும். ஒன்று போதாது, மற்றது அதிகம்.

பாடினால் என்ன. அவர் தலையைத் தட்டாவிட்டால் என்ன, நானே திரும்பி வந்துவிட்டால் பாட்டு முடிவுக்கு வரும். ஆப்ரி மூச்சு வாங்குகிற இடைவெளியில் நுழைந்தேன். முதல் அடி. குரல் கணீரென்று வந்தது, பயம் மணலையெல்லாம் அலம்பிவிட்டது போலிருக்கிறது. டென்சில் நிமிர்ந்தார், கண்ணாடியைத் தாண்டி என்னைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது. அந்த முகத்தை நம்பித்தான் சூளைத் தெருவிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய் நின்றேன், கையில் பூங்கொத்தோடு. என் பின்னாலேயே வாசித்துக்கொண்டு வந்தார், நான் மூச்சு விடும் இடமெல்லாம் தெரிந்த கைகள். அடி முடிந்தது. கடைசி வரி முடிந்தது. முஷ்டி, டென், முஷ்டி. பாதி எழுந்தார். எட்டிப் பார்த்தார். புன்னகை. உட்கார்ந்தார். ஆப்ரி, என்று தலையை அசைத்தார். ஆப்ரி சாக்ஸபோனைத் தூக்க முயன்றார், அதன் பாரம் திடீரென்று கூடிவிட்டதுபோல் இருந்தது, முழங்காலில் ஊன்றி, ஊன்றி, தூக்கிவிட்டார்.

அவரை நிறுத்த முடியாது. ஆடுகிறவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது யார் வேலை? என் வேலை. ஞாயிறுதோறும் கடைசியில் மேனேஜரே பொறுக்க முடியாமல் வாசலில் வந்து நின்று விரலைத் தூக்குவார், நான் மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு முன்னால் வருவேன், பச்சைப் பட்டுக் கவுன், கல்லூரி மேடையில் பேச்சுப் போட்டிக்குப் பழகிய குரலில் விடைகொடுத்து அனுப்புவேன். சொன்னால் மிருணாளினிக்குத் தெரிந்துவிடுமா. ஆப்ரிக்குத் தெரிந்துவிடும். பெனடிக்டுக்கும் சொக்கலிங்கத்துக்கும் தெரிந்துவிடும், அவர்களும் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். தெரியட்டும். தெரியக் கூடாது. ஆப்ரியின் சாக்ஸபோனிலிருந்து ஸ்வரம் வரவில்லை, வெறும் காற்று வந்தது, கதவிடுக்கில் வருகிற காற்று. நான் மைக்குக்கு அருகில் போனேன். 'சீமான்களே, சீமாட்டிகளே' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், அந்தக் காலத்துச் சிரிப்பைக் குரலுக்குள் வைத்து. 'எங்களோடு ஆடியதற்கு நன்றி. உங்கள் கால்கள் வலிக்கும், எங்கள் கைகளும் வலிக்கின்றன. தொப்பிகளையும் குழந்தைகளையும் மறந்துவிட்டுப் போகாதீர்கள். பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். டென்சிலும் பையன்களும் உங்களிடமிருந்து விடைபெறுகிறார்கள்.' டென்சிலின் கைகள் தணிந்தன, விடைபெறும்போது வாசிக்கும் அந்த மெல்லிய வாசிப்புக்கு இறங்கின. பாதி எழுந்தார். நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு ஜோடியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருக்கோ தலை வணங்கினார், இன்னும் யாருக்காகவோ காத்திருந்தார், அந்த ரயில்காரர்களுக்காக இருக்கலாம். பிறகு முஷ்டியைத் தூக்கினார். நான்கு பேரும் ஒரே வெட்டில் நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது.

'ஆன்ட்டி!' காதுக்குள் மிருணாளினி அலறினாள். 'அந்தக் கடைசி அறிவிப்பு! எப்படித் தோணிச்சு உங்களுக்கு? உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அதை அப்படியே வச்சுக்கறேன், ஒரு நொடிகூட வெட்ட மாட்டேன்.' அவளே ஓடி வந்து கதவைத் திறந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. நான் அவளைத் தாண்டி ஆப்ரியிடம் போனேன். ஆப்ரி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து, வாயில் மருந்துக் குழலை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார், சொக்கலிங்கம் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழலை எடுத்தார். 'எவ்வளவு நாளா?' என்றார். 'போன ஈஸ்டரிலிருந்து.' 'ஷெரிலுக்கு?' 'இல்லை.' திரும்பிக் குழலை வைத்துக்கொண்டார், இரண்டு முறை இழுத்தார். 'எனக்குக் காது சரியா கேக்கல சூசி. நீ என்ன சொன்னேன்னே தெரியல' என்றார். பெனடிக்ட் பேஸை உறைக்குள் போடுவதில் மும்முரமாக இருந்தார். டென்சில் பியானோவின் மூடியை மெல்லச் சாத்தி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். 'நல்ல கூட்டம் இன்னிக்கு' என்றார் என்னிடம். 'ஆமாம் டென்.' 'கடைசிவரைக்கும் இருந்தாங்க.' 'இருந்தாங்க.'

இசைத்தட்டு அடுத்த தை மாதம் வெளிவந்தது. எழுதியவர்கள் எல்லோரும் அந்தக் கடைசி அறிவிப்பைப் பற்றி எழுதினார்கள், பழைய சென்னையின் நாசூக்கு என்று. ஷெரில் பெர்த்திலிருந்து கேட்டுவிட்டு, டாடி எவ்வளவு நல்லா வாசிக்கறார் என்று போனில் அழுதாள், ஹோம் என்ற பேச்சை எடுக்கவில்லை. ஆப்ரி பெரம்பூரில் சிலிண்டரோடு இருக்கிறார், சண்டை போட ஆளில்லை என்று என்னிடம் சண்டை போடுகிறார். டென்சில் வீட்டிலேயே, என்னோடு, கடைசிவரை, இரண்டு மழைக்காலம் இருந்தார். பியானோ அவருக்கு எதிரிலேயே இருந்தது. அந்த மாலைக்குப் பிறகு அவர் அதை வாசிக்கவில்லை.